நாளைக்கு தும்மல் வருமா வராதா? மலையடிவாரத்துல இருக்கவங்க தானே கணிச்சுக்க ஒரு முழு வழிகாட்டி

எங்க ஊரு விக்கிரமசிங்கபுரம், வி.கே.புரம்னு சொன்னாதான் கண்டக்டருக்கே புரியும். மேற்க தலைய தூக்குனா பாபநாசம் மலை, அதுக்கு அங்கிட்டு முண்டந்துறை, காரையாறுன்னு புலி நடமாடுற காடு. சென்னையில இருந்து சொந்தக்காரங்க வந்தா வாசல்ல நின்னு மூச்ச இழுத்துவிட்டு "ஒங்களுக்கென்னப்பா, சுத்தமான காத்து"ம்பாங்க, அவங்க சொல்லி முடிக்கதுக்குள்ள நான் ஏழெட்டு தும்மல் போட்டிருப்பேன்.

எங்க தெருவுல ஒரு பெரிய இலவ மரம் நிக்கி. பங்குனி சித்திரையில காய் வெடிச்சு பஞ்சு பறக்கும், தெருவுல பாதி பேருக்கு மூக்கு ஒழுகும். அப்ப என்ன செய்வோம், மரத்த வெட்டணும்னு ஒரு கூட்டம் கிளம்புச்சு, அதுல நானும் ஒருத்தன். மரத்துக்காரர் "ஏல, அது எங்க தாத்தா வச்சது"ன்னு அருவாளோட நின்னதால தப்பிச்சுது. பொறவு ஒரு வாத்தியார் சொல்லித்தான் தெரிஞ்சுது, இலவம்பஞ்சுங்கிறது காயோட உள்சுவர்ல வளருற முடி, மகரந்தமே கிடையாது. மூக்க தொந்தரவு பண்ணுற மகரந்தத்தூள் பெரும்பாலும் 15ல இருந்து 40 மைக்ரான், நம்ம தலைமுடி கனம் கூட வராது, கண்ணுக்கு தெரியவே தெரியாது. பறக்கதா கண்ணுல படுதத எல்லாம் திட்டிக்கிட்டு இருந்தோம், செய்யுறது வேற எதுவோ.

அந்த "வேற எதுவோ" எதுன்னு கண்டுபிடிக்க மூணு வருசம் நோட்டு போட்டேன். அத எப்படி செய்யுறதுன்னு இங்க முழுசா எழுதுதேன். அம்பை, கடையம், களக்காடு, செங்கோட்டை, குற்றாலம்னு மலைய ஒட்டி இருக்க எந்த ஊர்க்காரரும் இத அப்படியே செய்யலாம், செடியும் காத்து திசையும் மட்டும் ஊருக்கு ஊரு மாறும்.

போன்ல ஆப் இருக்கே, அத பாத்தா போதாதான்னு கேப்பீங்க. அதுல "மகரந்தம் குறைவு, நடுத்தரம்"னு போடுற நம்பர் பெரும்பாலும் கணக்குப் போட்டு எடுத்தது, எந்த நிலத்துல என்ன செடி இருக்கும், வெயில் எவ்வளவு, காத்து எங்கிட்டுன்னு கம்ப்யூட்டர்ல ஓட்டி வர்ற ஊகம். ஐரோப்பாவுல ஊரூரா பொறி வச்சு வருசக்கணக்கா தூள் எண்ணுறாங்க, அதனால அவங்க கணிப்ப சரிபாக்க ஆதாரம் இருக்கு. நம்ம நாட்டுல சண்டிகருக்கு பி.ஜி.ஐ. ஆஸ்பத்திரியும் பஞ்சாப் பல்கலைக்கழகமும் சேந்து 2022ல மகரந்த நாள்காட்டி ஒண்ணு போட்டாங்க, ஆனா அங்க பூக்குறதும் இங்க பூக்குறதும் ஒண்ணா? தாமிரபரணிக் கரைக்கு நாமதான் போட்டுக்கணும்.

மொதல்ல தடுமமா அலர்ஜியான்னு பிரிங்க

நம்ம ஊர்ல மூக்குல தண்ணி வந்தாலே "தடுமம் புடிச்சிருக்கு", அதோட முடிஞ்சுது. ஆனா தடுமத்துல தொண்டை வலி வரும், லேசா காய்ச்சல் அடிக்கும், ஒடம்பு வலிக்கும், சளி கெட்டியாகும், ஒரு வாரம் பத்து நாள்ல போயிரும். அலர்ஜியில காய்ச்சல் இருக்காது, மூக்கும் கண்ணும் அரிக்கும், அண்ணத்துல கூட நமைச்சல் எடுக்கும், தும்மல் ஒண்ணு ரெண்டோட நிக்காது, தொடரா வரும், ஒழுகுறது பச்சத்தண்ணி மாதிரி இருக்கும், வாரக்கணக்குல போகும். நெஞ்சுல விசில் சத்தம் கேட்டாலோ ராத்திரி இளைப்பு வந்தாலோ இந்த நோட்டு விளையாட்டெல்லாம் அப்புறம், மொதல்ல டாக்டர்ட்ட போங்க, ஏன்னா மூக்கு அலர்ஜி இருக்கவங்களுக்கு ஆஸ்துமாவும் சேந்து இருக்கது ரொம்ப சகஜம்.

காட்ட குத்தம் சொல்றதுக்கு முன்னாடி ஒரு நடை நடங்க

இதுதான் நான் ரொம்ப லேட்டா புரிஞ்சுக்கிட்டது. காட்டு மரங்கள்ல பெரும்பாலானது தேனீ, வண்டு, பறவை, வௌவால்னு ஆள் வச்சு மகரந்தத்த அனுப்புது. அந்தத் தூள் பசையா, கனமா இருக்கும், காத்துல ரொம்ப தூரம் போகாது. ஒரு பூ கலரா வாசமா இருக்குன்னா அது பூச்சிக்காக போட்ட கடைன்னு வச்சுக்கங்க, நம்ம மூக்குக்கு அதால பெரிய தொந்தரவு இல்ல. காத்த நம்பி இருக்க செடிதான் வில்லங்கம், அதுக்கு கலரும் தேவையில்ல வாசமும் தேவையில்ல, கோடிக்கணக்குல தூள வாரி இறைச்சா எங்கயாவது போய் ஒட்டும்னு இருக்கும். புல்லு, நெல்லு, சோளம், சவுக்கு, ஆமணக்கு, முள்ளுக்கீரை, நாயுருவி எல்லாம் அந்த ஜாதி. பார்த்தீனியம், சீமைக்கருவேலம், தென்னை இதுகள்லாம் ரெண்டு கட்சியிலயும் இருக்கு, பூச்சியும் வரும், தூளும் பறக்கும்.

இப்ப இந்த லிஸ்ட திரும்ப பாருங்க, இதுல எது காட்டுக்குள்ள இருக்கு? எல்லாம் ரோட்டோரம், வாய்க்கா வரப்பு, பிளாட் போட்டு கல்லு நட்டுட்டு வித்துப்போகாம கெடக்க தரிசு. காத்து கெட்டது மலையால இல்ல, மனுசன் கலைச்சுப் போட்ட நிலத்தாலதான்.

அதனால ஒரு ஞாயித்துக்கிழமை காலையில வீட்ட சுத்தி ஒரு கிலோமீட்டர் நடங்க. பேப்பர்ல கையால மேப் போட்டு எந்தப் பக்கம் வயல், எந்தப் பக்கம் தரிசு, எங்க சவுக்கு, எங்க வைக்கப்படப்புன்னு குறிங்க. செடி பேரு தெரியலைன்னா ஆடு மேய்க்கவங்கள கேளுங்க, ஆப்ப விட அவங்களுக்கு நல்லா தெரியும். எங்களுக்கு மேற்க மலை, கிழக்கயும் வடக்கயும் வயல், தெற்க ஒரு தரிசு முழுக்க பார்த்தீனியம். காத்து எந்தப் பக்கமிருந்து வந்தா எது வரும்னு இதுலயே பாதி தெரிஞ்சுரும்.

ரெண்டு எவர்சில்வர் தட்டுல ஒரு பொறி

விருப்பம் இருக்கவங்க மட்டும் செய்யுங்க, இது இல்லாமலும் கணிக்கலாம், ஆனா ஒரு தடவ கண்ணால பாத்துட்டா நம்பிக்கை வந்துரும். 1870கள்ல பிளாக்லின்னு ஒரு இங்கிலாந்து டாக்டர், தனக்கே இந்த நோய் இருந்ததால, பசை தடவுன கண்ணாடிய பட்டத்துல கட்டி பறக்கவிட்டு உசரத்துலயும் மகரந்தம் இருக்குன்னு காமிச்சாரு. 1946ல டர்ஹாம்னு ஒருத்தர் அத இன்னும் சுளுவாக்கிட்டாரு: 9 அங்குலத்துல ரெண்டு தட்டு, நடுவுல 3 அங்குல இடைவெளி, கீழ்த்தட்டுக்கு ஒரு அங்குலம் மேல கண்ணாடி ஸ்லைடு. மேல்தட்டு மழைக்கு குடை, அவ்வளவுதான். நம்ம வீட்டு டிபன் தட்டு ரெண்ட ஓட்டை போட்டு நீள போல்ட்டால மாட்டிரலாம் (எந்தத் தட்டுன்னு வீட்ல கேட்டுட்டு போடுங்க, நான் கேக்கல).

ஸ்லைடுல வாஸ்லின மெல்லிசா, இருக்கா இல்லையாங்கிற அளவு தடவுங்க. மொட்ட மாடியில, சுவரு மறைக்காத இடத்துல, 24 மணி நேரம் வச்சு தினமும் ஒரே நேரத்துல மாத்துங்க. ஸ்கூல் தாவரவியல் லேப்ல சஃப்ரானின்ங்கிற செவப்புச் சாயம் இருக்கும், ஒரு சொட்டு விட்டா மகரந்தம் செவப்பா தெரியும், புழுதி பெரும்பாலும் நிறம் ஏறாது. லேப் மைக்ராஸ்கோப் கிடைச்சா நல்லது, இல்லன்னா ஸ்டான்ஃபோர்டுல மனு பிரகாஷ் குழு பண்ணுன ஃபோல்ட்ஸ்கோப், பேப்பர மடிச்சு செய்யுற மைக்ராஸ்கோப், 140 மடங்கு பெருசா காட்டும், அதுவே போதும்.

மொத வாரம் நான் எண்ணுனது பூராவும் செங்கல் தூசி. வெறும் உருண்டைய எல்லாம் மகரந்தம்னு எழுதிட்டேன். கண்ணு பழக ஒரு வழி இருக்கு: பூத்த செடியில நேரா ஸ்லைட தட்டி, "நெல்லு இப்படி, பார்த்தீனியம் இப்படி"ன்னு ஒரு மாதிரி செட் மொதல்ல செஞ்சு வச்சுக்கங்க. புல்லு நெல்லு ரெண்டும் வழவழன்னு உருண்டை, ஒரே ஒரு ஓட்டை, ஓட்டைய சுத்தி ஒரு வளையம். பார்த்தீனியம் சின்னது, ஊமத்தங்காய் மாதிரி முள்ளு. முள்ளுக்கீரை கோல்ஃப் பந்து மாதிரி உடம்பு பூரா குழி. தென்னை தோணி மாதிரி, நீளமா ஒரு கீறல். தடி மாதிரி, உள்ள குறுக்கும் நெடுக்கும் சுவரு வச்ச பழுப்பு நிறத்துல ஒண்ணு தெரிஞ்சா அது மகரந்தமே இல்ல, ஆல்டர்னேரியாங்கிற பூஞ்சை வித்து, அத தனியா எண்ணுங்க, பின்னாடி உதவும்.

ஸ்லைடு மேல மூடுற 22 மில்லிமீட்டர் சதுரக் கண்ணாடி, கவர்ஸ்லிப்பு, அதுக்கு கீழ உள்ளத முழுசா எண்ணி 4.84ஆல வகுத்தா ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனைன்னு வரும். ஒரு எச்சரிக்கை, நியூஸ்ல சொல்றது ஒரு கன மீட்டர் காத்துல எத்தனைங்கிற கணக்கு, அது காத்த உறிஞ்சுற மெஷின்ல எடுக்கது. நம்ம தட்டுல தானா விழுறதுதான் விழும், கனமானது கூட விழும், லேசானது கம்மியா விழும். அதனால ரெண்டு நம்பரையும் ஒப்பிடாதீங்க, நேத்து நம்ம தட்டுல எவ்வளவு இன்னைக்கு எவ்வளவுன்னு மட்டும் பாருங்க.

நோட்டு, இதான் உசுரு

தட்டு இல்லன்னாலும் நோட்டு கட்டாயம் வேணும். தும்மல், ஒழுகல், அடைப்பு, அரிப்பு நாலுக்கும் தினமும் ராத்திரி 0ல இருந்து 3 வரைக்கும் மார்க் போடுங்க. ஒண்ணுமில்லன்னா 0, வேலையே ஓடலன்னா 3, மொத்தம் 12க்கு. டாக்டருங்க ஆராய்ச்சியில போடுறதும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். பக்கத்துலயே மாத்திரை போட்டீங்களா, வெளிய எங்க போனீங்க, தும்மல் எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு எழுதுங்க. இந்த "எத்தனை மணிக்கு"ங்கிறத மட்டும் விட்டுராதீங்க, என்னய மாட்டிவிட்டதே அதான்.

கூடவே அன்னைக்கு மழை உண்டா, வெயில் எப்படி, காத்து எங்கிட்டு. வானிலை மையத்து சைட்டுல பாளையங்கோட்டை நிலவரம் பாக்கலாம், ஆனா மலையடிவாரத்துக்கும் பாளைக்கும் வானம் வேற வேற, பாளையில வெயில் கொளுத்தும்போது இங்க சாரல் அடிக்கும், அதனால மொட்ட மாடியில ஒரு துணிய கட்டி நீங்களே பாத்துக்கங்க.

வருசம் எப்படி ஓடுதுன்னா

என் நோட்டுல தெரிஞ்சத சொல்லுதேன், ஒங்க ஊருக்கு பத்து இருவது நாள் முன்ன பின்ன இருக்கும்.

மார்கழி தை எனக்கு மோசம். ஐப்பசி கார்த்திகை மழையில மொளைச்ச புல்லு, பார்த்தீனியம், நாயுருவி எல்லாம் ஒண்ணா பூத்து நிக்கும், பிசான போகத்து நெல்லும் கதிர் வாங்கும். நெல்லுக்கு ஒரு வசதி, தேதி கணக்கா சொல்லிரலாம். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் விட்ட அம்பை 16 மாதிரி 110, 115 நாள் பயிர்னா, அறுப்புக்கு ஒரு மாசம் முன்னாடி பூக்கும், ஆக வெதச்சு 80 நாளுக்கு மேல உஷாராகிரணும். நெல்லுப்பூ காலையில ஒம்பதுல இருந்து உச்சிக்குள்ள செத்த நேரம்தான் திறக்கும், தூளும் ரொம்ப தூரம் போகாது. வயல ஒட்டி வீடு இருக்கவங்க அந்த நேரம் ஜன்னல சாத்துனாலே போதும், ரெண்டு தெரு தள்ளி இருக்கவங்க நெல்ல பத்தி கவலையே படவேண்டாம்.

மாசி பங்குனியில அறுப்பு மெஷின் இறங்கும், அந்தத் தூசியில மகரந்தம் கம்மி, உமிச்சொணையும் பூஞ்சையும்தான் ஜாஸ்தி. மழையில நனைஞ்ச வைக்கப்படப்ப பிரிக்கும்போது பக்கத்துல நிக்காதீங்க, புகை மாதிரி கிளம்பும் பாருங்க, அது வித்து. இலவ மரத்து மேல நாங்க பழி போட்ட அதே பங்குனியில தெருக்கோடியில ஒரு படப்ப பிரிச்சுக்கிட்டு இருந்தாங்கங்கிறது நோட்டு எழுதுன பொறவுதான் ஒறைச்சுது.

சித்திரை வைகாசியில வெட்டவெளிப் பக்கம் சீமைக்கருவேலம் பூக்கும், கூட கோடை இடி மழை. மழை வந்தா காத்த கழுவிரும்னு நினைப்போம், நிதானமா பெய்யுற மழைக்கு அது சரி. இடியோட வர்ற மொத காத்து வேற, மகரந்தம் ஈரத்துல ஊறி துண்டு துண்டா வெடிச்சு நெஞ்சுக்குள்ள போற அளவு பொடியாயிரும். 2016 நவம்பர் 21ல மெல்போர்ன்ல ஒரே சாயங்காலம் ஆயிரக்கணக்கான பேரு மூச்சு விட முடியாம ஆஸ்பத்திரிக்கு ஓடி, பத்து பேரு செத்தாங்க. அங்க இருக்க புல்லு வேற, அவ்வளவு தூரம் பயப்பட வேண்டாம், ஆனா இளைப்பு இருக்கவங்க இடி மழைக்கு முன்னாடி வீட்டுக்குள்ள வந்துருங்க.

ஆனி ஆடி சாரல் காலம் எனக்கு ரொம்ப நாள் புதிர். மேக்காத்து ஈரக்காட்ட தாண்டி வருது, தட்டுல மகரந்தம் கிட்டத்தட்ட பூஜ்யம், ஆனா என் மார்க் 7, 8. தும்மல் மணிய பாத்தா காலையில அஞ்சுல இருந்து ஏழுக்குள்ள, வெளிய காலே வைக்கல. அப்ப வீட்டுக்குள்ளதான். ஈரம் ஏறுனா தூசிப்பூச்சியும் சுவத்துப் பூஞ்சையும் பெருகும், தூசிப்பூச்சி இருக்க இடம் மெத்தை தலையணை. என் தலையணை என்னது? எங்க ஆச்சி காலத்து இலவம்பஞ்சு. வெட்டப் பாத்த மரம் தெருவுல ஒண்ணும் செய்யல, தலைக்கு அடியில படுத்துக்கிட்டு இருந்துச்சு.

ஆவணி புரட்டாசியில கார் போகத்து நெல்லு பூக்கும், ரோட்டோரப் புல்லு பூக்கும், மத்தபடி சுமார்.

நாளைக்கு எப்படின்னு சொல்லுறது

ஒரு சீசன் நோட்டு சேந்ததும் இத ஆரம்பிங்க. என் கணக்கு இப்படி: எனக்கு ஆகாத செடி எதுவும் பூத்திருந்தா 2. ரெண்டு நாளா மழை இல்லன்னா 1. நாளைக்கு காலையில காய்ஞ்ச வெயில்னு தெரிஞ்சா 1. காத்து வயல் இல்ல தரிசுப் பக்கமிருந்து வந்தா 1. இன்னைக்கு என் மார்க் ஏற்கனவே 5க்கு மேலன்னா 1, ஏன்னா வீங்குன மூக்கு லேசான தூளுக்கே எகிறும். கூட்டி 4 வந்தா நாளைக்கு மோசம். செடி எதுவும் பூக்காம மூணு நாள் தொடர்ந்து சாரல்னா வெளிக்கணக்க மூடி வச்சுட்டு வீட்டுக்கணக்க பாருங்க.

இந்த நம்பர் எனக்கு பொருந்துனது, நீங்க மாத்திக்கங்க. ஆனா சரியா வருதான்னு சோதிக்க ஒரு வழி கட்டாயம் வேணும். "நேத்து எப்படியோ அப்படித்தான் இன்னைக்கும்"னு கண்ண மூடிக்கிட்டு சொன்னா எத்தனை நாள் சரியா வருதுன்னு மொதல்ல எண்ணுங்க, ஆச்சரியமா நிறைய வரும். ஒங்க கணக்கு அத தாண்டலைன்னா கணக்க தூக்கிப் போடுங்க. மொத வருசம் நான் பத்து அம்சம் வச்சு, நிலா வளர்பிறையா தேய்பிறையான்னு கூட சேத்து பெரிய கணக்கு போட்டேன், அந்த கோட்டிக் கணக்கு கண்மூடி கணிப்புட்டயே தோத்துப்போச்சு.

மோசம்னு தெரிஞ்சா

வெளி வேலைய சாயங்காலத்துக்கு தள்ளுங்க, இல்ல மழை விட்டதும் முடிங்க. பைக்ல கண்ணாடியும் மாஸ்க்கும் போடுங்க. வீட்டுக்கு வந்ததும் சட்டைய மாத்தி தலைக்கு ஊத்துங்க, அந்த வாரம் துணிய உள்ள காயப்போடுங்க. மூக்க உப்புத் தண்ணியில கழுவலாம், கால் லிட்டர் தண்ணிக்கு அரை டீஸ்பூன் உப்பு, ஆனா தண்ணி கொதிச்சு ஆறுனதா இருக்கணும். ஆத்துத் தண்ணியும் கிணத்துத் தண்ணியும் மூக்குக்குள்ள விடவே கூடாது, அமீபா மூளைக்கு ஏறுற ஆபத்து நெசம்.

மாத்திரையில செட்ரிசின் தூக்கம் வரவைக்கும், போட்டுட்டு வண்டி ஓட்டாதீங்க. ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே அன்னைக்கே கேக்காது, முழுசா வேலை செய்ய நாள் எடுக்கும், அதனாலதான் சீசனுக்கு ரெண்டு வாரம் முன்னாடி டாக்டர்ட்ட கேட்டு ஆரம்பிக்கது நல்லது, இந்த நாள்காட்டியோட பெரிய லாபமே அதான். மெடிக்கல்ல சட்டுன்னு கொடுக்க அடைப்பு நீக்குற சொட்டு மருந்த அஞ்சு நாளுக்கு மேல விடாதீங்க, அப்புறம் அதாலயே அடைக்கும், எங்க மாமா ஒருத்தர் ரெண்டு வருசமா அந்தக் குப்பிய மடியிலயே வச்சிருந்தாரு. நொச்சி போட்டு ஆவி புடிக்கது சொகமா இருக்கும், அலர்ஜிய நிறுத்தாது, சின்னப் பிள்ளைகளுக்கு கொதிதண்ணி வேண்டவே வேண்டாம். தோல்ல குத்தி பாக்குற டெஸ்டுக்கு போனா நோட்டையும் கொண்டு போங்க, அதுக்கு எத்தனை நாள் முன்னாடி மாத்திரைய நிறுத்தணும்னும் கேட்டுக்கங்க, நிறுத்தாம போனா ரிசல்ட் தப்பா வரும்.

தலையணைய மாத்துனேன், ஆடி மார்க் 8ல இருந்து 3க்கு வந்துச்சு. உறைய வாரம் ஒருக்க நல்ல சூட்டுத் தண்ணியில, 60 டிகிரி வாக்குல, அலசணும், வெறும் வெயில்ல தட்டி போட்டா பத்தாது.

கடைசியா அந்த தெக்குப்பக்கத்து தரிசு. பார்த்தீனியம் 1950கள்ல அமெரிக்காவுல இருந்து வந்த கோதுமையோட நம்ம நாட்டுக்குள்ள பரவுச்சுன்னு சொல்லுவாங்க, ஒரு செடி ஆயிரக்கணக்குல வெதை போடும். மழைக்கு மொளைச்சு நாலு வாரத்துலயே பூக்க ஆரம்பிச்சிரும், அதுக்குள்ள, மண்ணு ஈரமா இருக்கும்போதே, கையுறை போட்டு முழுக்கை சட்டையோட வேரோட புடுங்கணும். தோல் அரிப்பு இருக்கவங்க கிட்டயே போகக்கூடாது. பூத்ததுக்கு அப்புறம் ஆட்டுனா தூள் மேலதான் கொட்டும். போன வருசம் தெருப்பயலுக பத்து பேரோட கார்த்திகை பாதியில இறங்குனோம், அதுக்குள்ள முக்காவாசி பூத்துருச்சு. இந்த தடவ ஐப்பசியில மொத நல்ல மழை பெய்யுற தேதிய நோட்டுல செவப்பு மையில எழுதி, அதுல இருந்து மூணு வாரம் எண்ணுறதா இருக்கேன், இலவ மரத்துக்காரரும் வாரேன்னு சொல்லியிருக்காரு.